கூட்டத்தில் பேச்சு பிடிபடவில்லை, ஆனால் ஆடியோகிராம் நார்மல்: எங்கே சிக்கல்?

நெல்லைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டிலும் அலுவலகத்திலும் போனிலும் எந்தக் குறையும் இல்லை. பக்கத்து அறையில் மெதுவாகப் பேசினாலும் கேட்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்திலோ கூட்டமான ஓட்டலிலோ உட்கார்ந்தால், பேசுகிறவரின் குரல் மட்டும் காதில் விழுகிறது, சொற்கள் பிடிபடுவதில்லை. போன மாதம் ஒரு பந்தியில் சித்தப்பா தன் ஆபரேஷனைப் பற்றி நெடுநேரம் சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒன்றுதான் புரிந்தது.

காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுத்தாயிற்று. இரண்டு காதும் நார்மல், கவனம்தான் போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். உண்மையிலேயே கவனக் குறைவுதானா? இல்லை, அந்தப் பரிசோதனையில் தெரியாத ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிவழி

செவித்திறன் பரிசோதனைதான் என் வேலை. இதே புகாரோடு வருகிறவர்கள் நிறைய. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆடியோகிராம் நார்மலாக இருப்பதால் உங்கள் புகார் பொய்யாகிவிடாது.

அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு காதாக, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ‘பீப்’ ஒலிகளைக் கொடுத்து, எவ்வளவு மெல்லியது வரை கேட்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். அதில் பேச்சு இல்லை, இரைச்சல் இல்லை, இரண்டு காதும் சேர்ந்து செய்யும் வேலையும் இல்லை. மண்டபத்தில் உங்களைச் சோதிப்பது இந்த மூன்றும்தான்.

அங்கே மேளம், மைக், பாத்திரச் சத்தம், நாலு பக்கத்துப் பேச்சு எல்லாம் காற்றிலேயே கலந்து, ஒரே அதிர்வாகத்தான் செவிப்பறைக்கு வருகிறது. உள்காதில் இருக்கும் காக்லியா அதை உயர்ந்த சுருதி, தாழ்ந்த சுருதி என்று பிரித்து அனுப்பும். எந்தத் துண்டு யாருடைய குரலைச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது மூளை. ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிற்கும் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கிறது. ஒரே அடிச்சுருதியின் மடங்குகளாக இருப்பவற்றை ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே திசையிலிருந்து வருபவற்றையும் அப்படியே. இவ்வளவும் சித்தப்பா அடுத்த சொல்லைச் சொல்வதற்குள் நடந்து முடிய வேண்டும். இதில் எந்த இடத்தில் தடுமாறினாலும் சத்தம் கேட்கும், சொல் கிடைக்காது.

இரைச்சலில் பேச்சைப் பரிசோதிக்கும் முறை தனியாக உண்டு. பலர் சேர்ந்து பேசும் இரைச்சலோடு வாக்கியங்களைக் கொடுத்து, பேச்சு எத்தனை டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதிச் சொற்களைத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்போம். கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் எடுப்பதில்லை.

பழையரேடியோ

தகவல் தொடர்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியின் பூர்வீகம் எங்கள் துறையில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1950-களில் விமானக் கட்டுப்பாட்டு அறைகளில் பல விமானிகளின் குரல்கள் ஒரே ஒலிபெருக்கியில் கலந்து வந்தன. எந்த விமானி என்ன சொல்கிறார் என்று பிரித்தறிவது பெரும்பாடு. காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953-ல் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். ஒரே ஆளின் குரலில் இரண்டு வெவ்வேறு செய்திகளைப் பதிவு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து, இரண்டு காதுக்கும் கொடுத்தார். குரல் ஒன்று, திசையும் ஒன்று. பிரிப்பதற்குப் பொருளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் தேய்ந்துபோன வழக்கமான சொற்றொடர்களாகவே கோத்துக் கொடுத்தபோது அதுவும் முடியாமல் போனது. எந்தத் தொடருக்குப் பின் எந்தத் தொடர் வந்தாலும் பொருந்தும் என்பதால் இந்தச் செய்திக்கும் அந்தச் செய்திக்கும் தாவிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் ஒரு செய்தியை வலது காதுக்கும் மற்றதை இடது காதுக்கும் கொடுத்தார். சட்டென்று எளிதாகிவிட்டது. ஒரு காதில் வருவதை உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னார்கள். மற்றக் காதில் என்ன வந்தது என்று கேட்டால், ஆண் குரல் பெண் குரலாக மாறியதைக் கவனித்திருந்தார்கள். ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியதைக் கவனிக்கவில்லை!

மூன்றாம்பிறை

பழையரேடியோ ஐயா சொல்வதைப் பார்த்தால் நெல்லைக்கரை வீட்டில் சொல்வதுதானே சரி? கவனிக்கும் காதில் எல்லாம் கிடைக்கிறது, கவனிக்காத காதில் மொழி மாறினாலும் தெரிவதில்லை. அப்படியானால் எல்லாமே கவனம்தானே.

பழையரேடியோ

அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது. 1959-ல் நெவில் மோரே என்பவர் கவனிக்காத காதில் கேட்பவரின் சொந்தப் பெயரைச் சேர்த்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது காதில் விழுந்தது. அதாவது கதவு முழுதாகச் சாத்தப்படுவதில்லை. 2001-ல் அதையே வேறு விதமாகப் பார்த்தபோது, ஒன்றை மனதில் தாங்கிக்கொண்டே இன்னொரு வேலையைச் செய்யும் திறன் குறைவாக இருந்தவர்களில் 65 சதவீதம் பேர் தங்கள் பெயரைக் கேட்டார்கள். அந்தத் திறன் மிகுந்தவர்களில் 20 சதவீதம் பேர்தான் கேட்டார்கள். வேண்டாததை வெளியே நிறுத்தி வைப்பதும் உழைப்புதான் என்று இதிலிருந்து தெரிகிறது.

செவிவழி

மூன்றாம்பிறை, கவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் முன் சிலருக்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைப்பார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு 2012-ல் கலிபோர்னியாவில் நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் இரண்டு குரல்களைக் கலந்து கொடுத்தார்கள். மூளையின் பொட்டுப் பக்கத்து மின்சைகைகளைக் கொண்டு, உள்ளே வந்த பேச்சை மறுபடி வரைந்து பார்த்தார்கள். கலவையாக அல்ல, அந்த நோயாளி யாரைக் கவனித்தாரோ அவருடைய பேச்சு மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் எப்படி வருமோ அப்படி வந்தது.

ஆனால் கவனம் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்கும்படி ஒன்று வந்து சேர வேண்டும். காதிலிருந்து வரும் நரம்புச் செய்தியே மங்கலாக இருந்தால், எவ்வளவு உன்னிப்பாக இருந்தாலும் இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டுதான் வரும். “கவனமில்லை” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் மற்றவர்களைவிட அதிகமாகக் கவனித்துக் களைத்துப்போனவர்கள். விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தால் தலை பாரமாகி யாரோடும் பேசப் பிடிக்காமல் போகிறதா என்று நான் எப்போதும் கேட்பேன். ஆமாம் என்பார்கள்.

நெல்லைக்கரை

ஆமாம். அதேதான்.

கோவைத்தறி

எனக்கும் இதே கதைதான். சின்ன வயதிலிருந்து தறிக்குடோனில் வேலை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்தேதான் பேசிக்கொள்வோம். வேலை முடிந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரம் காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிட்டோம். இப்போது டீக்கடையில் நாலு பேர் பேசினால் ஒன்றும் விளங்கவில்லைங்க. பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

செவிவழி

கோவைத்தறி அண்ணா, நீங்கள் சொன்னதில் “காலையில் சரியாகிவிடும்” என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009-ல் எலிகளை இரண்டு மணி நேரம் பெருஞ்சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். செவித்திறன் குறைந்து, பிறகு பழைய நிலைக்கே திரும்பியது. உள்காதில் ஒலி அதிர்வை உணரும் மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்களையும் செவி நரம்பையும் இணைக்கும் முனைகளில், உயர்ந்த சுருதிப் பகுதியில், ஏறக்குறைய பாதி அழிந்திருந்தது. அது திரும்ப வரவில்லை. மிச்சமிருக்கும் இணைப்புகளே ஒரு ‘பீப்’ ஒலியைக் கேட்கப் போதும், அதனால் ஆடியோகிராம் நன்றாகவே வரும். குரல்களைப் பிரிக்கத் தேவையான, ஒலியின் நேரக் கணக்கை நுணுக்கமாகச் சொல்ல அவை போதாது.

மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது, ஏனென்றால் உயிரோடு இருப்பவர் காதில் அந்த இணைப்புகளை எண்ண வழியில்லை. வயதாக ஆக நமக்கும் அவை குறைவதை, இறந்தவர்களின் உள்காதுகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். என் கருத்து, தறிக்குடோனில் இப்போது வேலை செய்கிறவர்கள் அந்த வாதம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. காது அடைத்துத் திறந்தாலே அது எச்சரிக்கைதான். இயர்பிளக் வாங்கிக் கொடுக்கும்படி முதலாளியிடம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் சொந்தக் காசிலாவது வாங்கிப் போடுங்கள்.

தமிழாசிரியை

அண்ணன் சொன்ன உதட்டு விஷயம் எனக்கு இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். டிக்டேஷனில் “பட்டு” என்று சொன்னால் சிலர் “தட்டு” என்றும் “கட்டு” என்றும் எழுதுகிறார்கள். “பாட்டு” என்று யாரும் எழுதுவதில்லை. “படு” என்றும் எழுதுவதில்லை. முதல் மெய் மட்டும்தான் மாறுகிறது. இதற்குக் காரணம் இருக்கிறதா?

பழையரேடியோ

இருக்கிறது டீச்சர், அழகான காரணம்.

1955-ல் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா நைஸ்லியும் ஆங்கிலத்தின் 16 மெய்யொலிகளை இரைச்சலோடு கொடுத்து, எது எதுவாகக் கேட்கிறது என்று அட்டவணை போட்டார்கள். மூக்கொலியா இல்லையா என்பதும், தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதும் கடும் இரைச்சலிலும் தப்பித்தன. வாயில் எந்த இடத்தில் அந்த ஒலி பிறக்கிறது என்பதுதான் முதலில் காணாமல் போனது. ப, த, க மூன்றும் ஒன்றோடொன்று குழம்பின.

உங்கள் பட்டு, தட்டு, கட்டு மூன்றுக்கும் அந்த ஒரு வித்தியாசம்தான். ப உதட்டிலும், த பல்லடியிலும், க தொண்டைப் பக்கமாகவும் பிறக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி மிக மெல்லியது, மிகக் குறுகியது. லாரி ஒன்று போனால் அடித்துக்கொண்டு போய்விடும். உயிரெழுத்து வலுவானது, குறில் நெடில் என்ற நீள வித்தியாசமும் எளிதில் அழியாது. அதனால்தான் “பாட்டு” என்று யாரும் எழுதவில்லை.

அழகு எங்கே என்றால், காதுக்கு எது முதலில் தொலைகிறதோ அது கண்ணுக்குக் கிடைக்கிறது. வீட்டில் மிக்ஸியை ஓடவிட்டு, ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லட்டும். தடுமாறுவீர்கள். அப்புறம் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். “பட்டு” ஒரு தடவைகூடத் தப்பாது, உதடு ஒட்டிப் பிரிவது தெரிந்துவிடும். 1954-லேயே சம்பியும் போலாக்கும் இதை அளந்தார்கள். கடும் இரைச்சலில் முகத்தைப் பார்ப்பது, இரைச்சலை 15 டெசிபல் வரை குறைத்ததற்குச் சமமான பலனைக் கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. காது மெஷின்காரர்கள் இரண்டு மூன்று டெசிபலுக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

செவிவழி

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு “ப”வையும் கண்ணுக்கு “க” சொல்லும் வாயையும் கொடுத்தால் பலருக்கு “த” மாதிரி ஓர் ஒலி கேட்கிறது. மகர்க்கும் மக்டொனால்டும் 1976-ல் ஆங்கில ஒலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கண்ணும் காதும் சேர்ந்த பிறகுதான் நமக்குக் “கேட்கிறது”. கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டபோது, தங்களுக்குச் செவித்திறன் குறைந்திருப்பதை முதல்முறையாக உணர்ந்து வந்தவர்கள் நிறைய. மாஸ்க் உயர்ந்த சுருதியையும் கொஞ்சம் மழுக்கும், உதட்டையும் மறைத்துவிடும்.

யாழ்க்கிளி

நான் டொரண்டோவில் ஒரு ரெஸ்டோரன்ட் கிச்சினில் வேலை செய்கிறேன். எக்ஸோஸ்ட் ஃபேன், பாத்திரம் கழுவுகிற மெஷின் எல்லாம் ஒரே சத்தம். எங்கட பெடியன் ஒருத்தன் தமிழில் கதைத்தால் பாதிச் சொல் போனாலும் விளங்கிவிடும். செஃப் இங்கிலீஷில் ஓர்டர் சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சத்தம் இல்லாத இடத்தில் எனக்கு இங்கிலீஷில் ஒரு பிரச்சினையும் இல்லை. பேப்பர், நியூஸ் எல்லாம் விளங்கும். பிறகு ஏன் இப்படி?

பழையரேடியோ

யாழ்க்கிளி, உங்கள் இங்கிலீஷில் குறை இல்லை. 1997-ல் ஸ்பானிஷ் தாய்மொழிக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு வயதுக்கு முன் ஆங்கிலம் கற்றவர்கள், பதினாலு வயதுக்குப் பின் கற்றவர்களைவிட அதிக இரைச்சலைத் தாங்கினார்கள். பிந்திக் கற்றவர்களுக்கு வாக்கியத்தின் போக்கை வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கும் உதவியும் இரைச்சலில் குறைவாகவே கிடைத்தது.

தாய்மொழியில் மூளை எவ்வளவு தாராளமாக இட்டு நிரப்புகிறது என்பதற்கு ரிச்சர்ட் வாரன் 1970-ல் செய்த சோதனையைச் சொல்லலாம். ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவே இருந்த ‘ஸ்’ ஒலியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் சரியாகக் காட்ட முடியவில்லை. அதே இடத்தை வெறும் மௌனமாக விட்டால் ஓட்டை உடனே தெரிந்துவிட்டது. மறைக்க ஒரு சத்தம் இருந்தால்தான் மூளை நிரப்பும்.

இதில் ஆபத்தும் உண்டு. நிரப்பியது தவறாக இருந்தாலும் நமக்கு அது கேட்ட மாதிரியேதான் இருக்கும். ஆகவே கிச்சினில் ஓர்டரை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்னதைத் திருப்பிச் சொல்வது கட்டாயம், அதைப் பார்த்து யாரும் அவர்களுக்கு மொழி தெரியாது என்று நினைப்பதில்லை. சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதும் உதவும். எண்கள் இரைச்சலில் எளிதாகப் பிடிபடுவதற்குக் காரணம் இருப்பதே பத்து இலக்கம் என்பதுதான். மெனுவுக்கு நம்பர் வைக்கச் செஃபிடம் கேட்டுப் பாருங்கள்.

இசைவிரும்பி

இசை கற்றால் இரைச்சலில் கேட்கும் திறன் கூடும் என்று படித்தேன். 2009-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு. மகளை வயலினில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செவிவழி

அந்த ஆய்வு உண்மைதான். 2014-லும் 2015-லும் வேறு குழுக்கள் செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. வயலின் கற்க வயலினே போதுமான காரணம். இரைச்சலில் கேட்பதற்கான மருந்தாக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். “காதுப் பயிற்சி” என்று பணம் கேட்கும் செயலிகளிடமும் இதே ஜாக்கிரதை வேண்டும். விளையாட்டில் மதிப்பெண் ஏறும், ஓட்டலில் பலன் தெரியுமா என்பது வேறு கேள்வி.

பயிற்சி என்று பார்த்தால் நிச்சயமாகப் பலன் தருவது பழகிய குரல். இங்க்ரிட் ஜான்ஸ்ரூட் குழு 2013-ல் பல வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளைச் சோதித்தது. இரண்டு குரல்கள் மோதும்போது, முன்பின் தெரியாதவர் குரலைவிடத் துணையின் குரல் தெளிவாகப் பிடிபட்டது.

மூன்றாம்பிறை

ஒரு காதில் மட்டும் கேட்காதவர்களுக்கு? என் அப்பாவுக்கு இடது காது கிடையாது. கூட்டத்தில் மிகவும் கஷ்டப்படுகிறார்.

செவிவழி

கஷ்டம்தான். வலப்பக்கமிருந்து வரும் ஒலி வலது காதை எட்டிய பிறகு இடது காதை எட்ட அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, சுமார் 0.6 அல்லது 0.7 மில்லிநொடிதான். அந்த இடைவெளியை மூளைத்தண்டில் இருக்கும் ஆலிவரி என்ற பகுதி கணக்கிடுகிறது. நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரை நல்ல காதுகளுக்குத் தெரியும். குரலையும் இரைச்சலையும் திசை வைத்துப் பிரிப்பது இதனால்தான். அப்பாவுக்கு அந்தக் கணக்குக்கு ஆதாரமே இல்லை. அவருடைய கேட்காத காதைச் சுவர் பக்கமோ ஸ்பீக்கர் பக்கமோ வைத்து, நீங்கள் வலது பக்கம் உட்காருங்கள்.

நெல்லைக்கரைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தூரத்தைப் பாதியாக்கினால் பேசுபவரின் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், எந்தச் செலவும் இல்லை. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். உங்களிடம் கத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, மெய்யொலி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. நிதானமாக, திருத்தமாகச் சொன்னால் போதும். இரைச்சல் கூடினால் எல்லோரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் எழுதினார். மண்டபத்தில் ஒவ்வொரு மேசையும் அதைத்தான் செய்கிறது. மைக் செட்காரரிடம் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் மொத்தக் கூட்டமும் இறங்கி வரும்.

கருவி தேவைப்படுகிறவர்களுக்கு: சாதாரண காது மெஷின் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். முன்பக்க ஒலியை மட்டும் பிடிக்கும் மைக் இருப்பது மேல். பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் அதைவிட மேல், ஏனென்றால் அது தூரத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது.

தமிழாசிரியை

வகுப்பறைக்கும் சொல்லுங்களேன். ஓடு போட்ட கூரை, நாலு ஃபேன், ரோடு. பெரியவர்களுக்கே இப்படியென்றால் குழந்தைகளுக்கு?

செவிவழி

குழந்தைகளுக்கு இன்னும் கடினம் டீச்சர். இரைச்சலில் பேச்சைப் பிரிக்கும் திறன் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஊகித்து நிரப்ப அவர்களிடம் சொல்வளமும் குறைவு. ஆசிரியர் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அமெரிக்கத் தர அளவு, ஆளில்லாத சாதாரண வகுப்பறையின் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் இதை எட்டும் வகுப்பறையை நான் பார்த்ததில்லை. இது கட்டடம் கட்டும்போதே பார்க்க வேண்டிய விஷயம், பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய விஷயமும்கூட.

உங்கள் கையில் இருப்பது: கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு சொல்லுங்கள். டிக்டேஷன் நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலை மூடி, கடகடவென்று ஓடும் ஃபேனை நிறுத்தி வையுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளையை முன் வரிசைக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் அந்தப் “பட்டு – தட்டு – கட்டு” நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப இந்த மெய்களை மட்டும் மாற்றி எழுதினால், சத்தமில்லாத அறையில் உங்கள் முகத்தைப் பார்க்கவைத்து அதே சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே சரியாக எழுதினால் இடத்தை மாற்றுங்கள், வகுப்பில் சத்தத்தைக் குறைக்க வழி பாருங்கள். அங்கேயும் தவறினால் பெற்றோரைக் கூப்பிட்டுக் காதுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், நோட்டையும் கொடுத்து அனுப்புங்கள். எங்களுக்கு எங்கே தொடங்குவது என்று அதிலிருந்தே தெரியும்.